பக்காரிக்காக நான் சொன்ன பதில்

அனுப்புநர்:
யோகராணி வாமதேவன்,
உணவக உரிமையாளர்,
லா சப்பல், பாரிஸ்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
தமிழர் சுகநல ஒன்றியம்,
பாரிஸ்.

பொருள்: உயர் இரத்த அழுத்தமுள்ள கறுப்பின நோயாளிகளின் வாழ்க்கைத் தரக் கணிப்பில் திரு. பக்காரியின் பதில்களை நீக்கி, அவரிடம் தனியாக மீண்டும் கேட்டல் தொடர்பாக.

மதிப்புக்குரிய ஐயா,

1. மாலி நாட்டவரான திரு. பக்காரி எங்கள் குசினியில் கோப்பை கழுவுபவர். பல வருடப் பழக்கத்தில் எங்களைப் போலவே தமிழ் கதைப்பார். அதனால்தான் ஆஸ்பத்திரி நடத்தும் இந்தக் கணிப்புக்காக அவரிடம் கேள்வி கேட்கத் தங்கள் ஒன்றியத்திலிருந்து செல்வி தயாளினியை அனுப்பினீர்கள். அவர் கடைக்கே வந்தார். நானும் தேத்தண்ணி கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருந்துவிட்டேன்.

2. மருந்தால் வேலைக்கு இடைஞ்சல் உண்டா என்பது பக்காரிக்கான கேள்வி. பதில் சொன்னது நான். "அவருக்கென்ன குறை? எங்கட வீட்டு ஆள் மாதிரி, நல்ல சுகம்" என்றேன். அவரும் "ஓம், அக்கா சொல்றது சரி" என்றார். சம்பளம் கொடுப்பவள் முன்னால் இருக்கும்போது வேறு என்னதான் சொல்வார்? தயாளினி எல்லாவற்றுக்கும் 'மிக நன்று' என்று போட்டுக்கொண்டார். நம் வீட்டு ஆளுக்காக நாம் வாய் திறப்பது எங்கள் ஆட்களின் வழக்கம்தான். ஆனால் ஒரு நோயாளியின் பதிலாக அதை ஏற்றிருக்கக் கூடாது. இதுவே எனது முறைப்பாடு.

3. பக்காரிக்கு இரத்த அழுத்தத்துக்குக் கொடுத்திருந்தது சலம், அதாவது சிறுநீர், போக்கும் குளிசை. அடிக்கடி போக வேண்டிவரும். எங்கள் மலகூடமோ கீழ்த்தளத்தில். சனம் நெருக்கும் நேரம் அவர் படியிறங்கினால், "ஐயோ, திரும்பவுமோ!" என்று சாப்பிட வந்தவர்களுக்கும் கேட்கக் கத்தியிருக்கிறேன். அந்த வெட்கத்தில் வேலை நாட்களில் குளிசை போடுவதையே விட்டிருக்கிறார். எங்கள் பதில்களைப் பார்த்த ஆஸ்பத்திரி வைத்தியரும் மருந்து ஒத்துப்போகிறது என்று நம்பி மாற்றாமல் விட்டார். போன கிழமை பக்காரி கோப்பை கழுவும் தொட்டியடியில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் தாதி என்னை வெளியே நிற்கச் சொன்ன பிறகுதான் உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

4. ஐயா, தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதப் பார்த்தேன். கத்தியது தெரிந்துதானே? மனம் கேட்கவில்லை. அவர் தப்பியது கடவுள் செயல்.

5. அடுத்த சுற்றுக் கேள்விகளும் எங்கள் கடையில்தான் என்று அறிகிறேன். தயவுசெய்து வேண்டாம். பழைய பதில்களை நீக்கி, அதை வைத்தியருக்கும் அறிவித்து, பக்காரியின் தாய்மொழியான பம்பாரா தெரிந்த, எங்கள் ஆள் அல்லாத ஒருவரைக் கொண்டு வேறிடத்தில், கதவைச் சாத்திக் கேளுங்கள். நான் வந்தால் உள்ளே விடாதீர்கள். பக்கத்தில் இருந்தால் என் வாய் சும்மா இராது.

என்னைப் பற்றி அவர் சொல்வதையும் ஒரு சொல் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

தங்கள் நடவடிக்கையை வேண்டி நிற்கும்,
யோகராணி வாமதேவன்

இடம்: பாரிஸ்
திகதி: 12.11.2014