கேரம் ஆடாத நாட்கள்

அன்பான மாமாவுக்கு,

நீங்க போய் ஏழு மாசமாச்சுங்க. உங்ககிட்ட மறைச்ச ஒண்ணை இப்பவாச்சும் சொல்லிப்போடறேன்.

குடியை நிறுத்தின புதுசுல, ஃபவுண்டரியிலிருந்து நீங்க குடிக்காம ஊடு வந்த ஒவ்வொரு சாயங்காலமும் நாம கேரம் ஆடினோம். அது ஆஸ்பத்திரி ஆலோசகர் அம்மா சொன்ன வைத்தியம்னு உங்களுக்கும் தெரியும். ரெண்டு மாசம் கழிச்சு அவங்க என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னது உங்களுக்குத் தெரியாது.

"இனி தினமும் ஆடாதீங்க. ரெண்டு நாளைக்கு ஒருக்கா, அப்புறம் நாலஞ்சு நாளைக்கு ஒருக்கா. எந்த நாள்னு அவருக்குப் பிடிபடக் கூடாது. தினமும் கிடைச்சது ஒரேயடியா நின்னா, திரும்பக் குடிக்கத் தோணும். எப்ப வேணா கிடைக்கும்னு இருந்தா, கிடைக்காத நாளையும் தாங்கிக்குவாரு."

எனக்கு நம்பிக்கை வரலைங்க. ஆட்டத்துக்காகக் குடிக்காத மனுசன், ஆட்டம் இல்லேன்னா என்ன செய்வார்? ஆட்டம் இல்லாத நாள்லெல்லாம் உங்க சட்டையை மோந்து பார்த்தேன். வண்டிப் பெட்டியைக் கிளறினேன். நீங்க ஏலக்காய் மென்னா, எந்த வாடையை மறைக்கன்னு யோசிச்சேன்.

"ஏன் அம்மணி, இன்னைக்கும் ஆட்டமில்லையா?"

"வேலை கெடக்குதுங்க."

நீங்க பலகையில பவுடரைத் தூவித் தனியா ஆடினீங்க. கோபப்படாம இருந்தீங்களே, அதையும் சந்தேகப்பட்டேன்.

போத்தனூர் ரோட்டுல உங்களை லாரி இடிச்சுருச்சுன்னு எஸ்டிடி பூத்துக்காரர் ஓடி வந்து சொன்னப்ப, "குடிச்சிருந்தாருங்களா?"ன்னுதான் முதல்ல கேட்டேன். உசுரு இருக்குதான்னு கேக்கலைங்க. ஆஸ்பத்திரி டாக்டர்கிட்டயும் அதையே கேட்டேன். "சொட்டுக்கூட இல்லீங்கம்மா"ன்னார். மறுபடியும் கேட்டேன்.

காரியத்துக்கு வந்த உங்க கூட்டாளி பழனிச்சாமி சொன்னார்: "கடைக்குக் கூப்பிட்டா அண்ணன் வரமாட்டாருங்க. 'ஆட்டம் என்னைக்குன்னு தெரியாதப்பா, அதனால தினமும் நேரா ஊட்டுக்குத்தான்'னு சிரிப்பாரு. அப்புறம் ஆட்டப் பேச்சையே விட்டுட்டாரு. சும்மாவே ஊட்டுக்குக் கிளம்பிருவாரு."

உங்க மானத்தைக் காப்பாத்தப் பொய் சொல்றாரோன்னு அப்பவும் ஒரு நிமிசம் அவரைப் பார்த்தேன். வைத்தியம் பலிச்சுதுங்களா, நீங்களே மாறிப்போட்டீங்களா? நீங்க இனிக் குடிக்க மாட்டீங்கன்னு என்னைத் தவிர எல்லாருக்கும் தெரிஞ்சிருந்துதா?

வர்ற வாரம் ஆலோசகர் அம்மாவைப் பார்க்கப் பெருந்துறையிலிருந்து ஒரு பொண்ணு வருது. புருசன் மூணு மாசமாக் குடிக்கலையாம். அவளுக்கு இன்னும் நம்பிக்கை இல்லையாம். அவகிட்டப் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்காங்க. வைத்திய முறையைச் சொல்லிக் குடுப்பேன். லாரி இடிச்ச அன்னைக்கு உங்களைப் பத்தி நான் முதல்ல என்ன கேட்டேன்கிறதையும் மறைக்காமச் சொல்லுவேன். இது சத்தியமுங்க.

உங்க அத்தை மகளும் சம்சாரமுமான
சரசு