எட்டு கிரேயில் எத்தனை திட்டு

நாள் 212, காலை 06.10
இதைக் கண்டெடுக்கப்போகும் மகானுபாவரே, ஆண்டவர் மேல் ஆணையாகச் சொல்கிறேன்: இதில் ஒரு வரியைக்கூட நீர் நம்பப்போவதில்லை. நான் தேவசகாயம். நிலவின் அடிக்குகையில் இருக்கும் ஆய்வுக்கூடத்தின் ஏகச் சக்கரவர்த்தி. குடிமக்கள்: குடுவைகளில் வளரும் நானூறு கோடிப் புற்றுச் செல்கள்.

இன்றைய அலுவல். ம-9 என்ற நுரையீரல் கட்டியின் செல்களைத் தட்டுக்கு நூறு வீதம் விதைத்தேன். பாதித் தட்டுகளுக்கு எட்டு கிரே கதிர்வீச்சு, யானையே படுத்துவிடும். பிழைத்த செல் ஒவ்வொன்றும் பன்னிரண்டு நாளில் ஒரு திட்டாகப் பெருகும். ஊதாச் சாயம் ஊற்றி எண்ணவேண்டும். கட்டி யாரோ ஒரு மீனவருடையதாம். பூமியில் இருக்கும் தரைநிலையத் தலைவன் இன்பராஜ் சொன்னான். என் தங்கை கணவன்.

நாள் 218, பகல் 14.30
ம-9க்கு அரக்கப் பசி. ஊட்டத் திரவத்தை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, மூடியைத் தட்டி டீ கேட்கிறது. மூன்றாம் தடவை வடையும் கேட்டது.

நாள் 221, பகல் 11.05
வழக்கமான அடையாளச் சோதனை. ஆய்வாளரின் செல் கலந்துவிட்டதா என்று பார்க்க, என் கன்னத்தைச் சுரண்டி அதையும் பக்கத்தில் ஓடவிடுவது முறை. ம-9இன் மரபணுக் கோடுகளும் என்னுடையவையும் அச்சு அசலாக ஒன்று. தரைநிலையத்துக்குச் சொன்னேன். இன்பராஜ்:
"எச்சி தெறிச்சிருக்கும், ஓய். வாய மூடிட்டு வேல செய்யும்!"
நியாயம்தான். சிரித்தேன்.

நாள் 222, மாலை 16.40
வாயில் மூன்று சுற்று பிளாஸ்திரி. பூமியில் முத்திரை வைத்து வந்த, திறக்காத மூலக் குப்பியை உடைத்தேன். அதே கோடுகள். அந்தக் குப்பிக்குள் என் எச்சில் எப்படிப் போகும்?

புறப்படுமுன் என் நுரையீரலில் ஊசி விட்டுத் துளி எடுத்தார்கள். "பழைய சளித் தழும்பு, மச்சான். ஒண்ணுமில்ல" என்றான் இன்பராஜ். அந்த வார்த்தைக்காக அவனுக்கு ஆறடி மட்டி வாழைப்பழக் குலை வாங்கிக் கொடுத்தேன்.

நாள் 223, காலை 09.15
இன்பராஜிடமே கேட்டேன். அவன் சொன்னது:
"உம்மதுதான். சொன்னா ஒடஞ்சிருவீருன்னு... கமிட்டி முடிவு பண்ணிட்டு. எட்டு கிரேயில அஞ்சு திட்டுக்குள்ள நின்னா வைத்தியம் பலிக்கும், கூட்டிட்டு வர கப்பல் வரும். தாண்டினா வராது. உம்மையே எண்ண வைக்கலாம்னு எழுதிக் குடுத்தது நாந்தான். ஊரெல்லாம் புளுகுவீரு, எண்ணிக்கையில மட்டும் புளுக மாட்டீருன்னு."
முப்பது வருடம் என் புளுகுக்கெல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தவன். எந்த இடத்தில் புளுகமாட்டேன் என்று சிரித்துக்கொண்டே குறித்துவைத்திருக்கிறான்.

நாள் 224, காலை 07.00
சாயம் ஊற்றியாயிற்று. கதிர் படாத தட்டு: 63. கதிர் பட்டது... மறுபடி எண்ணுகிறேன். மறுபடி.
"மச்சான், எண்ணிட்டீரா? மூணுன்னு சொன்னாலும் எழுதிக்கிடுதேன். எதுவும் கேக்க மாட்டேன்."
இப்போது வந்து புளுகு கேட்கிறான்.

07.40
இருமல். கதிர் பட்ட தட்டின் எண்ணிக்கையை அனுப்பிவிட்டேன்.
மகானுபாவரே, செல் டீ கேட்டது புளுகு. நானூறு கோடி புளுகு, குடுவை மூன்றுதான். குலை ஆறடி இல்லை, இரண்டு சீப்பு. இன்பராஜிடம் சற்றுமுன் "மன்னிச்சிட்டேன்" என்று சொன்னேனே, அது இதுவரை நான் விட்டதிலேயே பெரிய புளுகு.
ஒரே ஒரு சின்ன விஷயம் உண்மை.
அறுபத்தொன்று.