பதினொரு மரங்களும் என் கையெழுத்தும்

இன்று காலை தண்ணீர் லாரி வந்தது. பத்து மணி வெயிலில் கொதித்துக் கிடந்த ரோட்டில் தண்ணீர் பட்டதும் அந்த வாடை எழுந்தது, சூடான தாரும் புழுதியும் கலந்த வாடை. ஆறு வருஷமாகத் தைப்பூசத்தன்று இது மூக்கில் ஏறும்போதெல்லாம் உன்னை ஒரு நிமிஷம் நல்லவிதமாக நினைத்துக்கொள்வேன். இதையாவது செய்தானே என்று. இன்று காறித் துப்பினேன். நான் ஒத்தாசைக்கு நிற்கும் அன்னதானப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த அக்கா, "என்னண்ணே, ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை என்றேன்.

நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. செத்தவனைத் திட்டக்கூடாது என்பார்கள். உயிரோடு இருந்தபோது திட்டுவதற்கு வேண்டிய விஷயத்தை என்னிடமிருந்து மறைத்துவிட்டுப் போனவன் நீ. எனக்கு வேறு வழி இல்லை.

நாம் இருவரும் முனிசிபாலிட்டியில் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். குவார்ட்டர்ஸ் திடலில் ஒன்றாகப் பந்து உதைத்தவர்கள். நீ ஆபீஸ் கணக்கு எழுதும் யாழ்ப்பாணத்துக் கிராணி வீட்டுப் பிள்ளை, இங்கிலீஷ் படித்தவன், அதனால் மேஜைக்குப் போனாய். நான் ரோடு கூட்டுகிறவர் மகன், தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவன், அதனால் மரத்துக்குப் போனேன். பத்துப் பதினைந்து வருஷத்தில் நீ அதிகாரி ஆனாய். நான் உனக்குக் கீழே மண்டோர், பன்னிரண்டு ஆட்களுக்கும் இரண்டு ரம்பங்களுக்கும் பொறுப்பு. அதில் எனக்கு வருத்தமே இருந்ததில்லை. என் கூட்டாளி மேலே இருக்கிறான் என்று பெருமையாகத்தான் திரிந்தேன்.

டவுனில் ஒரு மரத்தை வெட்ட வேண்டுமானால் மண்டோர் நேரில் போய்ப் பார்த்து, மரம் எப்படி இருக்கிறது, மண் எப்படி இருக்கிறது என்று ஃபாரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். எல்லாம் மலாய். எனக்கு அந்த எழுத்து ஓடாது. திங்கட்கிழமை காலையில் நீ ஒரு கட்டு ஃபாரத்தை நீட்டுவாய். எல்லாம் வெறும் ஃபாரம். "நீ கையெழுத்தப் போட்டு வை லா, மத்தத நான் எழுதிக்கிறேன்" என்பாய். நான் லாரியின் முன்மூடியில் வைத்து வரிசையாகப் போட்டுக் கொடுப்பேன். ஆபீசுக்கு ஏறி இறங்குகிற வேலை மிச்சம் என்று இரண்டு பேருக்கும் சந்தோஷம்.

தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் அந்தக் கால் மைல் உனக்கு நினைவிருக்கும். பதினொரு தூங்குமூஞ்சி மரங்கள். இரண்டு பக்கமும் கிளைகள் கைகோத்து, நட்ட நடுப்பகலிலும் ரோடு குளுகுளுவென்று இருக்கும். காவடி தூக்கி வருகிறவர்கள் அதுவரை வெந்த காலை அங்கேதான் ஆற்றிக்கொள்வார்கள். ஒரு வருஷம் தேர் அந்த வழியாக வந்தபோது ஒரு கிளை உரசி, உச்சியில் இருந்த அலங்காரம் ஒடிந்து விழுந்தது. நீ தேர் ஊர்வலக் கமிட்டியில் இருந்தாய். அத்தனை பேர் முன்னால் உனக்கு மானம் போய்விட்டது.

"அடுத்த வருஷம் சாமி மேல ஒரு எல படக்கூடாது. பதினொண்ணையும் எடுத்துரு" என்றாய்.

"கிளைய மட்டும் கழிச்சா போதும் சார். பத்து நாள் வேல" என்றேன். ஆட்கள் முன்னால் உன்னை சார் என்றுதான் கூப்பிடுவேன்.

"வருஷா வருஷம் கழிக்க ஆள் எங்க இருக்கு? நான் பெர்மிட் வாங்கிட்டேன். நீ வெட்டு."

வெட்டினேன். பதினொன்றையும் என் கையால்தான் சாய்த்தேன். ஒன்றில்கூடப் பொந்து இல்லை, பூச்சி இல்லை. வேருக்கடியில் மண் கறுப்பாக, ஈரமாக இருந்தது. நல்ல மரத்துக்கு எப்படி பெர்மிட் கிடைத்தது என்று ஒரு தடவை யோசித்தேன். உனக்கு மேலே யாராவது கொடுத்திருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

அடுத்த தைப்பூசத்தில் தேர் எதிலும் உரசாமல் வழுக்கிக்கொண்டு போனது. நீ முன்னால் நடந்தாய், வேட்டி மடிப்புக் கலையாமல். மறுநாள் என் வீட்டுக்காரி சரோஜா பால்குடம் எடுத்தாள். மகள் பிறந்ததிலிருந்து எடுக்கிறாள். அவளுக்கு அப்போது இனிப்பு நீர் வியாதி வந்து எட்டு வருஷம். மரம் இல்லாத அந்த ரோட்டில் எல்லாரும் குதித்துக் குதித்து ஓடினார்கள். அவள் மட்டும் நிதானமாக நடந்தாள். "சூடே தெரியலீங்க. முருகன் பாத்துக்கிறான்" என்றாள். நானும் அருள் என்றுதான் நினைத்தேன். கண்ணீர் வந்தது எனக்கு. கூட வந்தவர்கள் அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள்.

இனிப்பு நீரில் அந்தக் கால் உணர்ச்சி செத்துப் போயிருந்தது என்பது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. சாயங்காலம் வீட்டில் கால் கழுவும்போது உள்ளங்காலின் தோல் முழுசாகக் கையோடு வந்தது. முதலில் மூன்று விரல்களை எடுத்தார்கள். இரண்டு மாதம் கழித்துக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

நீ ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு வந்தாய். கட்டிலைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தபடியே, "அடுத்த வருஷத்திலேர்ந்து லாரித் தண்ணி ஊத்தச் சொல்றேன்" என்றாய். சொன்னபடி செய்தாய். அரை மணி நேரத்தில் காய்ந்துபோகிற தண்ணீர்.

பிறகு ஏதோ ஹோட்டலில் மூன்று நாள் கூட்டத்துக்குப் போய் வந்தாய். குளிர்சாதன அறையில் உட்கார்ந்து கேட்டதை டீக்கடையில் எனக்கு அவிழ்த்தாய். "உலகமே சூடாகுதுடா. இதுக்குப் பெரிய பெரிய நாடுங்கதான் பதில் சொல்லணும்னு உக்காந்திருக்கக் கூடாது. ஒவ்வொரு டவுனும் தன் எடத்துல செய்யணும். நெழல் வேணும். மண்ணச் சிமெண்ட் போட்டு மூடக்கூடாது. மழத்தண்ணி எறங்க வழி விடணும்." நீ சொன்னதில் ஒரு எழுத்துத் தப்பில்லை. அதனால்தான் இன்னும் எரிகிறது. அந்த வருஷமே டவுன் முழுக்கக் கன்று நட்டோம். குழி தோண்டியது நான். மண்வெட்டியோடு படத்தில் நின்றது நீ.

"அந்த ரோட்டுக்கு எப்போ?" என்று கேட்டேன்.

"அங்க மண்ணு சரியில்ல. ரெக்கார்ட் அப்படித்தான் இருக்கு."

அந்த மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தவன் நான். என்னிடம் அப்படிச் சொன்னாய், கண்ணைச் சிமிட்டாமல். யார் எழுதிய ரெக்கார்ட் என்று கேட்க எனக்குப் புத்தி இல்லை. பிறகு ஒவ்வொரு வருஷமும் கேட்டேன். ஒவ்வொரு வருஷமும் அதே பதில்.

போன வாரம் உன் நாற்காலிக்கு வந்திருக்கும் பெண் என் வீட்டைத் தேடி வந்தாள். அக்கரையில் இருக்கும் பிறையிலிருந்து தினமும் ஃபெரியில் வருகிற தமிழ்ப் பெண். டவுனின் சூட்டைக் குறைக்க எங்கெல்லாம் மரம் வைக்கலாம் என்று கணக்கெடுக்கிறாளாம். பழைய ஃபைல் ஒன்றைத் திறந்து, "அங்கிள், இது உங்க கையெழுத்தா?" என்றாள். பதினொரு ஃபாரம். பதினொன்றிலும் என் கையெழுத்து. அதற்கு மேலே உன் எழுத்து, அழகான சாய்ந்த எழுத்து.

அவள் எனக்குத் தமிழில் சொன்னாள். மரம் உள்ளே உளுத்துவிட்டது. வேர் அழுகிவிட்டது. மண் கெட்டுவிட்டது, திரும்ப மரம் வைக்க லாயக்கில்லை. நேரில் பார்த்தவர் மண்டோர், அதாவது நான்.

ஏழு வருஷமாக அந்த ரோட்டை மொட்டையாக வைத்திருந்தது என் கையெழுத்து. நல்ல மரம் என்று நான் வாயால் சொல்லிக்கொண்டிருந்தபோதெல்லாம், கெட்ட மரம் என்று என் பெயர் உன் அலமாரியில் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது. உன் பாடையைத் தூக்கிய நாலு பேரில் நானும் ஒருவன். இப்போது என்றால் தூக்கியிருக்க மாட்டேன். தெருமுனையில் நின்று பார்த்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன்.

அந்தப் பெண் ஒரு புது ஃபாரம் எடுத்தாள். "நேர்ல போய் மண்ணப் பாத்துட்டேன், நல்லாத்தான் இருக்கு. ஆனா பழைய ரெக்கார்ட மாத்தணும்னா அதுல கையெழுத்துப் போட்டவரே தப்புன்னு சொல்லணும். நீங்க கையெழுத்துப் போடுங்க அங்கிள், நான் நெரப்பிக்கிறேன்" என்றாள். பாவம், அவளுக்கு ஒன்றும் தெரியாது. அவள் வாயில் உன் வார்த்தையைக் கேட்டதும் பேனாவை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டேன்.

"ஒவ்வொரு வரியா வாசிம்மா, நானே எழுதுறேன்" என்றேன்.

ஒன்றரை மணி நேரம் ஆனது. அவள் மலாயில் எழுத்தெழுத்தாகச் சொல்ல, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி எழுதினேன். மரங்கள் நன்றாக இருந்தன. மண் நன்றாக இருந்தது. பார்க்காமல் கையெழுத்துப் போட்டது என் குற்றம். கடைசி வரியை அவள் வேண்டாம் என்றாள். நான் விடவில்லை. உன் குற்றத்தையும் எழுதியிருக்கலாம். அதற்கு அந்த ஃபாரத்தில் இடம் இல்லை, அதனால் இங்கே எழுதுகிறேன்.

சரோஜா கட்டைக்காலை நீட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என்னைத் திட்டவில்லை, உன்னையும் திட்டவில்லை. நான் பேனாவை மூடப் போகும்போது மட்டும் கேட்டாள்.

"முழுசாப் படிச்சிட்டீங்களா?"

மறுபடி முதல் வரியிலிருந்து படித்தேன். பிறகுதான் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்த மழைக்குக் கன்று வைக்கிறார்கள். நிழல் விழப் பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகும். அதில் நடக்க சரோஜாவுக்குக் கால் இல்லை. இன்று லாரி போன பிறகு, தண்ணீர் காயும்வரை அந்த ரோட்டில் நின்றிருந்தேன். உன்னை மன்னிக்கவில்லை. பந்தல்காரர்கள் அரிசி வந்து இறங்கியதற்கு ஒரு ரசீதை நீட்டினார்கள். மூட்டைகளை எண்ணிப் பார்த்துவிட்டு வந்துதான் கையெழுத்துப் போட்டேன்.