இல்லத்தைக் காப்பாற்றிய வருடம்

பிப்ரவரி 9
இடிக்கப் போவதில்லை! சுவர்கள் திடமாக இருக்கின்றன, கூரையை மாற்றினால் போதும் என்று நான் தொண்டை வற்றக் கத்தியது வீண்போகவில்லை. படைவீரர் இல்லத்தைப் புதுப்பிக்கும் வேலை எனக்கே வந்திருக்கிறது. அண்ணனிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். போரில் இரண்டு கண்ணையும் பறிகொடுத்தவன். ஆனால் அந்த இல்லத்துக்குள் கைத்தடிகூட இல்லாமல் நடமாடுவான். "கட்டடத்தைப் பாக்க வர்ற சாக்குல என்னையும் பாத்துட்டுப் போ," என்று சிரித்தான்.

மார்ச் 3
வேலை முடியும்வரை எல்லோரும் ஊருக்கு வெளியே உள்ள அடுக்குமாடிக்குப் போக வேண்டும். ஒருவரும் அசையவில்லை. குண்டுச் சத்தத்தில் காது மந்தமான பெரியவர் ஒருவர் உண்டு. அவர் மெதுவாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். எல்லோருக்கும் அவர் 'பீரங்கி'. "திரும்ப வருவோம்னு யாரு கேரண்டி?" என்றார். "நான்," என்றேன். அண்ணன்தான் முதலில் பெட்டியைத் தூக்கினான்.

மார்ச் 20
அங்கே எல்லாக் கதவும் ஒரே மாதிரி, எல்லாத் திருப்பமும் ஒரே மாதிரி. அண்ணன் கட்டிலை விட்டு இறங்குவதில்லை.

ஜூலை 14
கூரை முடிந்தது. பழைய உத்தரங்களையே சுத்தம் செய்து மறுபடி ஏற்றினோம். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஆகஸ்ட் 2
தலைமைப் பொறியாளர் உட்காரச் சொன்னார். இல்லம் இனி அமைச்சகத்தின் விருந்தினர் மாளிகையாம். கூடத்தில் வீரர்களின் படங்களை மாட்டுவார்களாம்.
"அப்ப அவங்க எங்க சார் போவாங்க?"
"அங்கயே வசதியாத்தானே இருக்காங்க? லிஃப்ட் இருக்கு."
"நான் வாக்குக் குடுத்திருக்கேன் சார்."
"யாரைக் கேட்டுக் குடுத்தீங்க?"
யாரைக் கேட்டேன்?

ஆகஸ்ட் 5
இன்னும் அவர்களிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11
சொல்லிவிட்டேன். பீரங்கி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். ஐயோ, நல்லா நாலு திட்டு திட்டியிருக்கக் கூடாதா மனுஷன்? அண்ணன் மட்டும் கேட்டான்: "கூரை நல்லா வந்திருக்கா?"
"வந்திருக்குண்ணே."
"சரி, அதாவது மிஞ்சுச்சே."

செப்டம்பர் 30
இன்றும் மனுவோடு அமைச்சகம். இன்றும் வாசலோடு சரி.

நவம்பர் 6
மாளிகைத் திறப்பு விழா. எனக்குப் பொன்னாடை உண்டு என்றார்கள். போகவில்லை. அண்ணனைப் பார்க்கப் போனேன்.
நடைவழியின் நடுவே தனியாக நின்றிருந்தான். தானாக இறங்கி வந்திருக்கிறான்! மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையை நீட்டித் துழாவினான், எதுவும் அகப்படவில்லை. "யாராவது இருக்கீங்களா?" என்று கூப்பிட்டான். இத்தனை வருடத்தில் அவன் அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.
"நான்தாண்ணே."
குளியலறை வரைக்கும் கூட்டிப்போனேன். என் தோளைப் பிடித்த கையை அவன் எடுக்கவே இல்லை.