பராகுவே கொண்டுபோன பேறுகாலம்

எனக்கு மட்டும் அம்மாவாக இருக்க ஒருநாளும் சம்மதிக்காத எம்மாவுக்கு,

நீ போன பிறகு கோவில்பட்டியில் நல்ல மழை ஒன்று பெய்து ஓய்ந்துவிட்டது. உன் கல்லறை மேல் மண் இறங்கிவிட்டது, இனிக் கல் நடலாம் என்று கொத்தனார் வந்து பார்த்துச் சொன்னார். இதுவரை தள்ளிப்போட்டவரும் அவர்தான். "கரிசல் மண்ணு மழைக்கு ஊதும், வெயிலுக்கு வெடிக்கும். அவசரப்பட்டு நட்டா கல்லு சாஞ்சிரும் தாயி" என்றார். சனிக்கிழமைக்குள் கல்லில் என்ன எழுத வேண்டும் என்று அவருக்குச் சொல்ல வேண்டும்.

உன் பேருக்குக் கீழே ஒரே ஒரு வரிக்குத்தான் இடம். 'பலருக்குத் தாய்' என்று போடலாம் என்கிறார் அப்பா. சபையிலும் அதையே சொல்கிறார்கள். நான் ஒருத்திதான் முடியவே முடியாது என்று நிற்கிறேன்.

அடக்கத்தன்று, நீ நர்ஸாக வேலை பார்த்த எப்போதும்வென்றான் ஊரிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். எல்லாரும் நீ பேறுகாலம் பார்த்தவர்கள், நீ எடுத்த பிள்ளைகள். "எங்கள அநாதையாக்கிட்டுப் போயிட்டியளே சிஸ்டர்" என்று ஒருத்தி என்னை இடித்துத் தள்ளிவிட்டு உன் காலைப் பிடித்துக்கொண்டாள். ஏட்டி, செத்தது எங்கம்மா, நீ யாரு என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. அங்கேயும் நான் இரண்டாவது வரிசையில் நின்றுதான் அழுதேன்.

இந்தப் பொறாமை அன்றைக்கு வந்ததா? பராகுவேயிலிருந்து வந்தது. அந்த நாடு உலகப் படத்தில் எங்கே இருக்கிறது என்றுகூட அப்போது எனக்குத் தெரியாது. கரிசலில் பருத்தி வைக்கிற பக்குவம் தெரிந்தவர் அப்பா, பேறுகாலம் பார்க்கத் தெரிந்தவள் நீ. தம்பதியாகப் போய் ஒரு வருஷம் அங்கே வேலை செய்துவிட்டு வாருங்கள் என்று மிஷனில் கேட்டார்கள். உடனே சரி என்றுவிட்டாய். கயத்தாற்றில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் தலைப்பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தாள் என்பது உனக்கு ஞாபகம் இருந்ததா?

இருந்தது. அதனால்தான் ஏழாம் மாதம் போட வேண்டிய வளையலை ஐந்தாம் மாதமே போட்டாய். ஐந்தாம் மாதம் வளையல் போடுவது எந்த ஊர் வழக்கம் எம்மா? தெருவே சிரித்தது. வளையல் போட்ட மகளைத் தாய் வீட்டுக்குக் கூட்டிப்போவார்கள். நீ எனக்கு வளையலைப் போட்டுவிட்டு விமானம் ஏறப் போனாய்.

"தலைப்பேறுகாலம் தாய் பார்க்கணும்லா. எனக்கு யாரும்மா பார்ப்பா?" என்று கேட்டேன்.

"ஒனக்கு ஆஸ்பத்திரி இருக்கு, ரோட்டுக்கு வந்தா காரு இருக்கு, ஒங்க அத்தை இருக்காவ. அங்கன உள்ளவளுக்கு யாரு இருக்கா?"

"அங்கன உள்ளவ ஒனக்கு யாரு?"

நீ துணியை மடித்துப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டே இருந்தாய். அப்படி வைத்ததில் அந்த நீலப் புள்ளிச் சேலையும் போய்விட்டது. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி ஆகாது, உடுத்தி உடுத்தி நைந்த சேலைதான் ஆகும் என்று என் பிள்ளைக்காகவே நீ துவைத்துத் துவைத்து மெதுவாக்கி வைத்திருந்த சேலை.

மெர்சி பிறந்த செய்தியைச் சொல்ல உன் மருமகன் எஸ்டிடி பூத்தில் தவம் கிடந்தார். மூன்றாம் நாள்தான் லைன் கிடைத்தது. பச்சை உடம்போடு ஆட்டோவில் போய் ரிசீவரை வாங்கினேன். "தலை சரியா இறங்குச்சா? தையல் போட்டாவளா? ரத்தம் ரொம்பப் போச்சா?" எல்லாம் நர்ஸ் கேட்கிற கேள்வி. "ரொம்ப வலிச்சுச்சாம்மா" என்று ஒரு வார்த்தை கேட்டாயா? அதற்குள் அந்தப் பக்கம் உன்னை யாரோ கூப்பிட்டார்கள். லைன் போய்விட்டது.

பிறகு அப்பா போட்டோ அனுப்பினார். நம்ம எப்போதும்வென்றான் பக்கம் மாதிரியே முள்ளும் வெயிலும் பருத்தியும்தான் என்று பின்னால் எழுதியிருந்தார். அதற்கா கடல் தாண்டிப் போனீர்கள்? போட்டோவில் நீ வாயெல்லாம் பல்லாகச் சிரிக்கிறாய். கையில் ஒரு செக்கச்செவேல் குழந்தை. சுற்றியிருந்தது நீலப் புள்ளிச் சேலை. என் மகள் மாமனாரின் கிழிந்த வேட்டியில் கிடந்தாள் எம்மா. வயிறு எப்படி எரிந்தது தெரியுமா? அத்தைகூடப் பாவம் பார்த்து, "தாயில்லாப் பிள்ள மாதிரில்லா கெடக்கா" என்று என் தலையைத் தடவினார்.

திரும்பி வந்ததும் நேரே கயத்தாற்றுக்கு ஓடிவந்து கையை நீட்டினாய். மெர்சி உன் முகத்தைப் பார்த்து வீறிட்டு அழுது என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். உண்மையைச் சொல்லட்டுமா? அன்றைக்கு எனக்கு வெல்லம் தின்ற மாதிரி இருந்தது.

கல் விஷயத்தில் அப்பாவுக்கும் எனக்கும் நேற்று பெரிய சண்டை. "ஊராருக்கெல்லாம் அவ தாய்னா எனக்கு யாருப்பா? பராகுவேக்காரிக்குப் பக்கத்துல நின்னா, எனக்கு நின்னாளா?" என்று கத்திவிட்டேன். அப்பா சோற்றைப் பிசைந்த கையை எடுக்காமல் சொன்னார்:

"ஒனக்குத் தெரியாதுட்டி. அந்த ஊர்ப் பேரு ஒண்ணும் அவ வாயில நுழையாது. வலியில கத்துத அத்தன பேரையும் செல்வின்னுதான் கூப்பிடுவா. 'ஏட்டி செல்வி, பயப்படாத. செல்வி, இன்னும் ஒரு முக்கு முக்கு தாயி'ன்னு. கேட்டுக் கேட்டு அங்க உள்ள நர்சுகளும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சிட்டாவ."

கேட்டதும் எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது கோபம்தான். சேலையைக் கொடுத்தாய், சரி. என் பேரையுமா எடுத்துக் கண்டவளுக்கெல்லாம் கொடுப்பாய்?

அப்பா கைகழுவப் போன பிறகுதான் அழுகை வந்தது. இங்கே நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எம்மா எம்மா என்று கத்தினேன். ஏன் என்று கேட்டது அத்தை. அங்கே நீ செல்வி செல்வி என்று கூப்பிட்டாய். யாரோ ஒரு முகந்தெரியாதவள் உனக்குப் பதில் சொன்னாள். நாம் இரண்டு பேரும் ஒருத்தரையொருத்தர்தானே கூப்பிட்டுக்கொண்டிருந்தோம், ஏன் எம்மா கேட்கவில்லை?

இன்று காலையில் கொத்தனாரிடம் சொல்லிவிட்டேன். பேருக்குக் கீழே, 'செல்வியின் அம்மா.' வேறு ஒரு எழுத்தும் கூடாது.

"அப்போ அங்க உள்ள செல்விகளுக்கும் சேத்துல்லா ஆயிப்போச்சு" என்று அப்பா சிரித்தார்.

"ஆனா ஆகட்டும். மூத்தவ நான்தான்" என்றேன்.

உனக்கு ஒரு சத்தியம் செய்து தருகிறேன். மெர்சிக்குப் பேறுகாலம் வரும்போது நான் அவள் தலைமாட்டில்தான் இருப்பேன். பராகுவே என்ன, பரலோகமே கூப்பிட்டாலும் பிள்ளையைக் கையில் வாங்கிவிட்டுத்தான் வருவேன். வந்ததும் உன்னோடு சண்டை பாக்கி இருக்கிறது. அதுவரைக்கும் அங்கே எவளையாவது செல்வி என்று கூப்பிட்டாயோ, பார்த்துக்கொள்.

உன் வயிற்றில் பிறந்த
செல்வி