ஞாயிற்றுக்கிழமை ஓடை

மாமா,

இன்னும் அப்படிக் கூப்பிடலாமா, தெரியவில்லை.

விவாகரத்துத் தாளில் கையெழுத்துப் போடும் முன், நீங்கள் ஞாயிறுதோறும் மீன்பிடிக்கப் போன குரங்கணி ஓடைக்கு நேற்றுப் போனேன். அங்கே எவளோ இருக்கிறாள் என்றுதானே ஏழு வருஷம் சண்டை போட்டேன்!

உங்களை அங்கே ஏற்றிப்போகும் ஜீப்புக்காரரிடம் விசாரித்தேன். "அண்ணே தனியாத்தேன் வருவாரு மதினி. யார்கிட்டயும் பேச்சுக் கிடையாது" என்றார்.

நீங்கள் வீட்டில் விட்டுப்போன தூண்டிலைப் போட்டுப் பாறையில் உட்கார்ந்தேன். ஏலத்தோட்டத்துக் காற்று நெஞ்சு நிறைய இறங்கியது. ஒரு மீன் சிக்கியது, தண்ணீரிலேயே விட்டுவிட்டேன். எழுந்தபோதுதான் உறைத்தது, அவ்வளவு நேரமும் உங்களை ஒருமுறைகூட நினைக்கவில்லை.

நீங்களும் அங்கே என்னை நினைத்திருக்க மாட்டீர்கள். அதில் தப்பே இல்லை மாமா.

கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி அந்தப் பக்கம் வர மாட்டேன். நிம்மதியாகப் போய்வாருங்கள்.

இப்படிக்கு,
உங்களை நம்பாதவள்