வெளியே மட்டும் தாழ்ப்பாள்

என் அமுதா அக்காவுக்கு,

உன்னைக் கட்டிக்கொடுத்த செஞ்சி வீட்டுக்கு நேற்றுப் போய்வந்தேன். தேக்குச் சட்டம் கோத்துக் கட்டிய பழைய மாடி வீடு என்று, ஊரார் பார்க்க ஒருநாள் திறந்துவிட்டிருந்தார்கள். நீ போன பிறகு அந்த வாசலை மிதிக்க மாட்டேன் என்றிருந்தவள்தான். ஆனால் நான் ஏன் ஒதுங்க வேண்டும்?

கூடத்தில் உன் புருஷனின் அண்ணன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரியாததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

சுற்றிக்காட்டியவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர். எங்களை மாடிக்கு ஏற்றி, "இது வூட்டுப் பொம்பளைங்க ரெஸ்ட் எடுக்கற ரூம்" என்றார்.

கதவைப் பார்த்தேன். உள்பக்கம் தாழ்ப்பாளே இல்லை. வெளியே மட்டும் தடித்த இரும்பில் ஒன்று.

"ரெஸ்ட் எடுக்கற ரூமுக்கு வெளிய இன்னாத்துக்கு டீச்சர் தாப்பா?"

டீச்சர் தாழ்ப்பாளைத் திரும்பிப் பார்த்தார். நீ என்னிடம் அழுதுகொண்டே சொன்னதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். பி.ஏ. கடைசிப் பரீட்சைக்குக் கிளம்பிய உன்னை உள்ளே தள்ளித் தாழிட்டதை. பொழுது சாய்ந்த பிறகே திறந்துவிட்டதை. மறுவருஷமே காமாலை உன்னைக் கொண்டுபோனதையும் சொன்னேன். கீழே கூடத்துக்கும் கேட்டிருக்கும். நிறுத்தவில்லை.

உன் புருஷனின் அண்ணன் மேலே ஏறி வந்துவிட்டார். "செத்தவங்களப் பத்தி இப்ப இன்னா பேச்சு? வூட்டு மானம் போவுது."

"அவளப் பூட்டுனப்பவே போயிடுச்சி" என்றேன்.

டீச்சர் அவரைப் பார்க்கவில்லை. "அவங்க பேரு இன்னாக்கா?"

"அமுதா. தொண்டூர் அமுதா."

அடுத்த கூட்டம் மேலே வந்தது. டீச்சர் அவர்களிடம், "இந்த ரூம்லதான் அமுதான்னு ஒருத்தங்களப் பரீட்சைக்குப் போவ விடாம பூட்டி வெச்சாங்க" என்றார். உன் புருஷனின் அண்ணன் கீழே இறங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு ஜன்னலில் நின்றேன். ராஜகிரிக் கோட்டை அப்படியே தெரிகிறது. அன்று முழுக்க அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாயா, அக்கா? யாரையாவது கூப்பிட்டாயா?

என் மகள் இப்போது திண்டிவனத்தில் காலேஜ் படிக்கிறாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "படிச்சி முடிக்கட்டும். அவசரம்னா வேற எடம் பாருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

அந்த வீட்டை எப்போது திறந்தாலும் அவளையும் கூட்டிக்கொண்டு போவேன். யாராவது கதையை மாற்றிச் சொன்னால் அங்கேயே நின்று உன் பெயரைச் சொல்வேன். எனக்குப் பிறகு அவள் சொல்வாள்.

உன்னோடு ஒரே பாயில் படுத்து வளர்ந்த தங்கச்சி,
கோமதி